அதிகாரியிடமா, ஆணைக்குழுவிடமா?

ஹட்டனிலிருந்து கராஜ் வேலை பழகப் போன பையன் கையில் மூன்று வாரமாகத் துடைப்பம். கூடச் சேர்ந்தவர்கள் கையில் ஸ்பேனர். "தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும்" என்றாராம் மேற்பார்வையாளர். எங்கே முறையிடுவது?

பயிற்சி அதிகாரியிடம் போனால் காரியம் சீக்கிரம் நடக்கும். பயிற்சி இடத்தையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அரச அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். அது சலுகையல்ல, உரிமை.

1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு வேறு ரகம். கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு. இனம், மொழி, சாதி, பிறப்பிடம் எல்லாம் பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரைக்குள் வருகின்றன. ஆனால் ஆணைக்குழு அரச நடவடிக்கையைத்தான் விசாரிக்கும். பயிற்சி அரச நிறுவனத்தின் கீழ் என்றால் வழியுண்டு. தனியார் கராஜ் முதலாளி மட்டும் என்றால் அதன் கை நீளாது.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அதற்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது.

நானென்றால் முதலில் அதிகாரியைப் பார்ப்பேன். பதிலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கமாட்டேன்.