கேட்டில் இருந்த லோகோ உண்மைதான், ஆனாலும் ஏமாந்தோம்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு அட்மிஷன் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பள்ளியின் பெயரைப் போடவில்லை. என் பணம் இன்னும் அங்கே மாட்டியிருக்கிறது.

மகள் ஐந்தாம் வகுப்பு வரை மேடவாக்கத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்தாள். மனப்பாடம் செய்தே களைத்துப்போகிறாளே என்று ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்ற சர்வதேசக் கல்வி அமைப்பு) பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனோம். கேட்டிலேயே ஐ.பி. லோகோ பளிச்சென்று இருந்தது. "ஆறாவதிலிருந்து எம்.ஒய்.பி. சார், நம்ம ஸ்கூல் ஆதரைஸ்டு" என்றார் அட்மிஷன் கவுன்சலர். எம்.ஒய்.பி. என்றால் மிடில் இயர்ஸ் புரோகிராம், ஐ.பி.யின் நடு வகுப்புகளுக்கான திட்டம். அட்மிஷன் ஃபீஸ் ஒன்றரை லட்சம், வருஷ ஃபீஸ் நான்கு லட்சத்துச் சொச்சம், காஷன் டெபாசிட் (பள்ளியை விட்டுப் போகும்போது திருப்பித் தர வேண்டிய முன்பணம்) ஐம்பதாயிரம். பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டினேன்.

முதல் டெர்ம் ரிப்போர்ட் கார்டு வந்தது. கணக்குக்கு நேராக ஏ, பி, சி, டி என்று நான்கு கட்டங்கள். எனக்குக் கண்ணில் பட்டது அந்த டி மட்டும்தான். "இவ்வளவு பணம் கட்டி டி வாங்கிட்டு வந்திருக்கியே" என்று சத்தம் போட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை.

என் மச்சினி பெங்களூரில் ஒரு எம்.ஒய்.பி. பள்ளியில் டீச்சர். பொங்கலுக்கு வந்தவள் கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, டி-ங்கறது கிரேடு இல்ல, அளவுகோலோட பேரு." ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல்களாம். கணக்கில் ஏ என்பது பாடம் புரிந்திருக்கிறதா, பி என்பது கணக்கில் இருக்கிற பேட்டர்னைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்களா, சி என்பது அதை எடுத்துச் சொல்லத் தெரிகிறதா, டி என்பது நிஜ வாழ்க்கையில் பயன்படுத்தத் தெரிகிறதா. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8, மொத்தம் 32. அந்தக் கூட்டுத்தொகையை வைத்து 1 முதல் 7 வரை கிரேடு. 28 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 7. நான் திட்டிய டி-யில்தான் மகள் அதிகம் வாங்கியிருந்தாள்.

அப்புறம் மச்சினியின் சிரிப்பு நின்றுபோனது. சயின்ஸில் ஓரிடத்தில் 5.6 என்று இருந்தது. "இதுல பாயின்ட் வராதே மாமா, முழு எண்தான் வரும்" என்றாள். மகளின் நோட்டைப் புரட்டினால் யூனிட் டெஸ்டில் 20-க்கு 14. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். 20-க்கு 14 என்பதை 8-க்கு எவ்வளவு என்று மாற்றினால் சரியாக 5.6. அதாவது வழக்கமான பரிட்சையை வைத்து, வந்த மார்க்கைச் சுருக்கி எம்.ஒய்.பி. கட்டத்துக்குள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு அளவுகோலையும் வருஷத்தில் இரண்டு தடவையாவது மதிப்பிட வேண்டும், என்ன செய்தால் எத்தனை மார்க் என்ற விளக்கத்தாளைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே தர வேண்டும் என்றாள். மகளிடம் அப்படி ஒரு தாள்கூட இல்லை. எட்டுப் பாடப் பிரிவுகளில் ஒன்றான 'டிசைன்' வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், கம்ப்யூட்டர் சார் பவர்பாயின்ட் சொல்லித்தருகிறார் என்றாள்.

அன்று ராத்திரியே ஐ.பி.யின் தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினோம். இருந்தது. ஆனால் அங்கீகாரம் பி.ஒய்.பி.க்கு, அதாவது தொடக்க வகுப்புகளுக்கு மட்டும். எம்.ஒய்.பி.க்கு இவர்கள் வெறும் 'கேண்டிடேட்', அதாவது அங்கீகாரம் கேட்டுக் காத்திருக்கிறவர்கள். ஐ.பி. அமைப்பு ஒரு பள்ளிக்கு மொத்தமாக அங்கீகாரம் தருவதில்லை, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகத்தான் தருகிறது. லோகோ பொய்யில்லை, அது என் மகள் படித்த வகுப்புக்கு உரியதில்லை, அவ்வளவுதான். ப்ராஸ்பெக்டஸைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்கிற அளவு எழுத்தில், கேண்டிடேட் என்பதால் அங்கீகாரம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று இருந்தது.

கேண்டிடேட் என்றாலே மோசடி என்று சொல்லவில்லை. எல்லாப் பள்ளியும் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். வாயால் 'ஆதரைஸ்டு' என்று சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. எம்.ஒய்.பி.யில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது பதினொன்றிலிருந்து பதினாறு வயது வரைக்குமான ஐந்து வருஷத் திட்டம். இந்தப் புத்தகம், இத்தனை பாடம் என்று அது கட்டிக்கொடுப்பதில்லை. ஒரு சட்டகம்தான் தரும், பாடத்தை ஆசிரியர்கள்தான் திட்டமிட்டு எழுத வேண்டும். பயிற்சி இல்லாத ஆசிரியர் கையில் கொடுத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது ஜெராக்ஸ் தாள்கள்தான். மகளின் பை நிறைய அதுதான் இருந்தது.

கோஆர்டினேட்டரிடம் போனேன். "ப்ராசஸ்ல இருக்கு சார்." அடுத்த வருஷமும் அதே பதில். ஏழாவது முடியும் நேரத்தில் சர்க்குலர் வந்தது, எட்டாவதிலிருந்து கேம்பிரிட்ஜ் என்ற வேறொரு சர்வதேசப் பாடத்திட்டத்துக்கு மாறுகிறார்களாம். "ரெண்டுமே இன்டர்நேஷனல்தானே சார்" என்றார் அதே கோஆர்டினேட்டர். இட்லியும் தோசையும் ஒரே மாவுதானே என்பது மாதிரி. கேம்பிரிட்ஜ் லோயர் செகண்டரி என்பது 7, 8, 9 என மூன்று நிலைகள், வரையறுத்த பாடத்திட்டம், முடிவில் செக்பாயின்ட் தேர்வு. முதல் நிலையைப் படிக்காத பிள்ளையை இரண்டாம் நிலையில் உட்காரவைக்கப் போகிறார்கள். பள்ளியின் கேம்பிரிட்ஜ் பதிவு எண்ணைக் கேட்டேன், "வந்துடும் சார்."

வேண்டாம் என்று மகளைப் பழைய பள்ளியிலேயே எட்டாவதில் சேர்த்துவிட்டோம். வகுப்பில் நன்றாகக் கேள்வி கேட்கிறாள் என்கிறார்கள். கணக்கில்தான் இரண்டு வருஷப் பயிற்சி விட்டுப்போயிருக்கிறது, தினமும் சாயந்திரம் நான் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். டி-க்காகத் திட்டியதை அவள் இன்னும் மறக்கவில்லை, நடுநடுவே குத்திக்காட்டுகிறாள்.

போகிறவர்கள் 'ஐ.பி. ஸ்கூலா' என்று கேட்காதீர்கள், 'எம்.ஒய்.பி.க்கு எந்த வருஷம் அங்கீகாரம் வந்தது' என்று கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். என்னிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் அட்மிஷன் ஃபீஸைப் பற்றி வாயே திறக்க முடியவில்லை.

காஷன் டெபாசிட்டுக்கு நான்கு மாதமாக அலைகிறேன். "அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டிருக்கோம்" என்கிறார்கள். இப்படி மாட்டி, பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.