1,18,000 கி.மீ. ஓடிய சிட்டியும் பில்லில் இருந்த எட்டு லிட்டரும்

வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு நான் ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தப்பு. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

2014 ஹோண்டா சிட்டி, சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1,18,000 கி.மீ. ஓடியிருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. ஓட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மாற்றிவிடலாம் என்று சென்னையில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

"லட்சம் தாண்டின வண்டிக்குச் சும்மா வடிச்சு ஊத்தினா போதாது சார். மெஷின் போட்டு உள்ள இருக்கிற பழைய ஆயில் முழுசையும் தள்ளி ஃபிளஷ் பண்ணணும்" என்றார் சூப்பர்வைசர். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பில் 16,800 ரூபாய். அதில் 'டிரான்ஸ்மிஷன் ஆயில் 8 லிட்டர், ஃபிளஷிங்' என்று இருந்ததே தவிர, என்ன ஆயில் என்று இல்லை.

மூன்றாவது நாள் கிண்டி சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி உதறியது. அப்புறம் நாற்பதுக்கு மேல் போனால் ஒரு ரீங்காரம். திரும்பக் கொண்டுபோனேன். "பழைய வண்டி சார், புது ஆயில் பட்டதும் கியர்பாக்ஸ் தன் நிலைமையைக் காட்டிடுச்சு. மாத்தணும்னா லட்சத்துக்கு மேல ஆகும்" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

வயதான கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றினால் போய்விடும் என்ற பேச்சு நமக்கெல்லாம் பழக்கம்தான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது: ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பெட்டியைப் புது ஆயில் காப்பாற்றாது. ஆனால் என் வண்டி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? சந்தேகத்தில், ஊற்றிய கேனைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் இருந்தது சாதாரண ஏடிஎஃப், அதாவது மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில். 'பல வண்டிகளுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த பட்டியலில் சிவிடி என்ற சொல்லே இல்லை.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். மற்ற ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தட்டுகளும் பல்சக்கரங்களும் இருக்கும். சிவிடியில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட். ஆயில் அந்த இரும்பு தேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், புல்லியில் வழுக்காமலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏடிஎஃப் அந்தப் பிடிமானத்துக்காகச் செய்ததே இல்லை. இந்த வண்டிக்கு ஹோண்டா சொல்வது எச்சிஎஃப்-2 என்ற சிவிடி ஆயில்.

இன்னொன்றும் சொன்னார். வடித்து ஊற்றினால் இதில் பிடிப்பது சுமார் மூன்றரை லிட்டர்தான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) உள்ளேயும் தங்கிவிடும். எட்டு லிட்டர் செலவாக வேண்டுமென்றால் மெஷின் உண்மையிலேயே ஓடியிருக்க வேண்டும். அதைக் கேட்கப் போனபோது வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த பையன், "அந்த மெஷின் ரிப்பேர்ணா, ரொம்ப நாளாவே ஓடல" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். அவன் வேலைக்கு ஏதும் ஆகியிருக்கக் கூடாது.

அண்ணன் எச்சிஎஃப்-2 வாங்கச் சொல்லி மூன்று தடவை வடித்து ஊற்றினார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நாள் ஓட்டவிட்டு. முதலில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டில் கை வைத்தார். ஊற்றும் போல்ட் இறுகிப்போயிருந்தால், வடித்த பிறகு புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. இறங்கியதை அளவுக் குவளையில் பிடித்து எனக்குக் காட்டினார். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாதாரணத் தேய்மானத்தில் வரும் கறுப்புப் பசை மட்டும்தான், இரும்புத் துணுக்கு இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ரீங்காரம் போய்விட்டது. காலையில் முதல் சிக்னலில் மட்டும் லேசான உதறல் இன்னும் இருக்கிறது, அது போகுமா என்று அண்ணனாலும் சொல்ல முடியவில்லை.

கூலியை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார்கள், நான் வாங்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது முடியும்வரை கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொன்னதால்தான் இங்கே எழுதவில்லை. புகார் போன மறுநாளே அந்தக் கேன் படத்தை வாட்ஸ்ஆப்பில் இரண்டு பக்கமும் அழித்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.