ஊழியரிடம் தப்பைச் சொல்வது எப்படி? ஓர் ஆன்லைன் பயிற்சி, பாதி உருப்படி

வேலையில் தப்பு செய்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று டீம் லீடர்களுக்குக் கற்றுத்தரும் ஆன்லைன் பயிற்சி ஒன்றை எங்கள் ஆபீஸில் வாங்கியிருந்தார்கள், நானும் முழுசாகப் பார்த்து முடித்தேன். முதல் பகுதியைத் தாராளமாகத் தள்ளிவிட்டுப் போகலாம். சாண்ட்விச் முறைதான், அதாவது முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் திரும்ப ஒரு பாராட்டு. இதை இன்னுமா சொல்லிக்கொடுக்கிறார்கள்? நாலு தடவை இப்படி வாங்கிக்கட்டியவருக்கு "நல்லா பண்றீங்க" என்று ஆரம்பித்தாலே அடுத்து என்ன வரப்போகிறதோ என்று வயிற்றைக் கலக்கும், புதிதாகச் சேர்ந்தவரோ பாராட்டை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார்.

இரண்டாம் பகுதிதான் விஷயம். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்கத் தலைமைப் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய எஸ்பிஐ (சிச்சுவேஷன், பிஹேவியர், இம்பாக்ட்) முறையை, அதாவது எந்தச் சூழல், என்ன செய்தார், அதனால் என்ன ஆச்சு என்ற வரிசையில் பேசுவதை, ஒரே சம்பவத்தை வைத்து இரண்டு விதமாக நடித்துக் காட்டுகிறார்கள். பில்லில் 12 வரவேண்டிய இடத்தில் ஒருவர் 120 என்று அடித்துவிட்டார். முதல் காட்சியில் மேனேஜர் "உங்களுக்குக் கவனமே இல்லை" என்கிறார், ஊழியர் பத்துக் காரணம் சொல்கிறார், பேச்சு தடித்துவிடுகிறது. அடுத்ததில் "நேற்று மதியம் போன பில்லில் இரண்டாவது வரியில் 120 என்று இருக்கு, கஸ்டமர் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லி, "இது எப்படி ஆகியிருக்கும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், பார்க்கிற நமக்கே நெளிய வேண்டியிருக்கிறது. அப்புறம்தான் வெளியே வருகிறது, பழைய பில்லைக் காப்பி எடுத்து அதிலேயே எண்களை மாற்றுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம் என்று. அவரை மட்டும் திட்டி அனுப்பியிருந்தால் அடுத்த வாரம் இன்னொருவர் இதையே செய்திருப்பார்.

க்ளூகர், டினிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பை இங்கே சேர்த்திருக்கலாம், ஏனோ விட்டுவிட்டார்கள். 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஃபீட்பேக் சராசரியாகப் பலன் தந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கு ஃபீட்பேக்கின் பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். அந்த முதல் காட்சியில் நடந்தது இதேதான்.

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பயிற்சியில் வரும் எல்லோரும் ஒரே பேச்சில் திருந்திவிடுகிறார்கள்! அதே ஆள் அதே தப்பை மூன்றாவது முறை செய்தால் என்ன பேசுவது, எப்போது எழுத்தில் கொடுப்பது, ஒன்றுமே இல்லை. டவுன்லோட் செய்யத் தரும் மாதிரி ஈமெயில்களும் ஒவ்வொன்றும் மெமோ மாதிரியே இருக்கின்றன, தொடவே வேண்டாம். வாங்குவதாக இருந்தால் இரண்டாம் பகுதி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.