நாவல் எழுதிட்டு ஏஜென்ட் தேடுறவங்க படிங்க, எனக்கு 38,500 ரூபா போச்சு

இன்னும் படபடப்பு அடங்கல, அதனால எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஏஜென்ட் புடிச்சு தர்றோம்னு காசு வாங்குனவங்ககிட்டேர்ந்து நேத்து ராத்திரி 11 மணிக்கு கடைசியா ஒரு பதில் வந்துச்சு, "அமவுண்ட் ரீஃபண்ட் ஆகாது சார், அக்ரிமெண்ட்ட படிங்க". அவ்ளோதான், அதோட பிளாக் பண்ணிட்டாங்க. 38,500 ரூபா.

நான் பேராவூரணி பக்கம், கொப்பரை மண்டில கணக்கு எழுதுறேன். 2018 நவம்பர்ல கஜா அடிச்ச ராத்திரி எங்க தோப்புல மரம் ஒண்ணொண்ணா முறிஞ்சு விழுந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. அந்த ராத்திரியையும் அதுக்கப்புறம் எங்க தெரு கரண்டும் தண்ணியும் இல்லாம கெடந்த நாளையும் வச்சு ஒரு நாவல் எழுதுனேன். அஞ்சு வருஷம், மண்டி சாத்துனதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா.

தமிழ்ல புத்தகம் போடணும்னா நாம நேரா பதிப்பகத்துக்கே அனுப்பிருவோம், நம்ம எழுத்த பதிப்பகத்துக்கு வித்து குடுக்குற ஏஜென்ட் எல்லாம் யாரும் வச்சுக்கறது இல்ல. எனக்கு இது இங்கிலீஷ்லயும் வரணும்னு ஆசை. வெளிநாட்டுல பெரிய பதிப்பகங்க பெரும்பாலும் ஏஜென்ட் வழியா வராத எழுத்த பிரிச்சுகூட பாக்க மாட்டாங்க, அதுதான் நெசம், அதனாலதான் நான் தேடவே ஆரம்பிச்சேன். அப்ப போன்ல விளம்பரம் வந்துச்சு. புது எழுத்தாளர்களுக்கு ஏஜென்ட் புடிச்சு தர்ற சர்வீஸாம். பேரு போடல, எந்த மாதிரி இடம்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க. கதைச்சுருக்கம் ரெண்டு பக்கம், மொத மூணு அத்தியாயம், நம்மளப் பத்தி ஒரு லெட்டர். நெசமான ஏஜென்டுங்களும் இதத்தான் கேப்பாங்க, அதனால சந்தேகமே வரல.

மூணாவது நாள் ஒரு மேடம் போன் பண்ணாங்க. முழு நாவலையும் அனுப்புங்க, படிக்கறதுக்கு 3,500ன்னாங்க. அனுப்புனேன். ஒரு வாரம் கழிச்சு திரும்ப போன். "சார், அந்த கெழவி சாஞ்ச தென்னைக்கு கீழ வெளக்கு ஏத்தி வைக்கிற எடம் இருக்கே, நான் அழுதுட்டேன் சார்". மண்டி வாசல்ல மூட்டை ஏத்திட்டு இருந்தாங்க, நான் ஓரமா போயி நின்னு நானும் அழுதேன். அஞ்சு வருஷத்துல என் வீட்டு ஆளுங்களத் தவிர இந்த கதையப் பத்தி ஒருத்தர் வாயத் தொறந்து சொன்னது அதுதான் மொத தடவ. அந்த ஒரு நிமிஷத்துலதான் நான் விழுந்தேன்.

அதுக்கப்புறம் எடிட்டிங், மாதிரி மொழிபெயர்ப்புன்னு 22,000. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கு போடுற அடையாள நம்பர்), காப்பிரைட்டுன்னு 8,500. சென்னையில ஜனவரில அரசு நடத்துற பன்னாட்டு புத்தகக் கண்காட்சில வெளிநாட்டுக்காரங்க பாக்குற கேட்டலாக்ல போடுறோம்னு 4,500. அந்த கண்காட்சி நெசம், 2023லேர்ந்து நடக்குது, மொழிபெயர்ப்பு உரிமைய வாங்க விக்கத்தான் நடக்குது. பொய்ய சொல்றப்ப நடுவுல நெசத்த ஒண்ணு வச்சு சொல்றாங்க பாருங்க. அத்தனையும் ஜிபேல போட்டேன், என் வீட்டுக்காரம்மா சீட்டு எடுத்து வச்சிருந்த காசு.

பணம் போனதும் குரல் மாறிடுச்சு. மொத மாசம் "லண்டன்ல படிச்சுட்டு இருக்காங்க சார்". ரெண்டாவது மாசம் "அங்க இப்ப லீவு". எந்த ஏஜென்ட்டுக்கு அனுப்புனீங்க பேர சொல்லுங்கன்னா "அது கான்ஃபிடென்ஷியல்". அப்பறம் வேற ஒரு பையன் எடுத்து "மேடம் மீட்டிங்ல இருக்காங்க ணே"ன்னான், அதுவும் நாலு தடவ. மெசேஜ்ல நீல டிக் விழும், பதில் வராது.

போன வாரம் மொழிபெயர்ப்பு வேலை பாக்குற திருவையாத்து அண்ணன் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவரு கேட்ட மொத கேள்வியே "படிக்கறதுக்கு காசு வாங்குனாங்களா தம்பி?". ஆமாண்ணேன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ஏஜென்ட்டுன்னா நம்ம புத்தகத்த வித்து குடுத்து அதுல வர்ற காசுல 15 சதவீதம் எடுத்துக்கறவரு, வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்புன்னா 20 வரைக்கும் போகும், விக்கலன்னா அவருக்கு ஒத்த ரூபா கெடையாது, அதனாலதான் அவரு விக்க ஓடுவாருன்னு அப்பறம் சொன்னாரு. என்கிட்ட 38,500ஐ முன்னாடியே வாங்குனவங்களுக்கு என் நாவல விக்க என்ன அவசியம்?

வீட்டுக்கு வந்து அனுப்புன ஃபைல தொறந்து பாத்தேன். வெளக்கு ஏத்துற எடம் கதைச்சுருக்கத்துல மட்டுந்தான் இருக்கு. நாவல்ல அத நான் எப்பவோ எடுத்துட்டேன், கெழவி மரத்துல கை வச்சுட்டு சும்மா ஒக்காந்திருப்பா, அவ்ளோதான். சுருக்கத்த மாத்த மறந்துருக்கேன். அப்ப அவங்க ஒரு பக்கம்கூட படிக்கல. 38,500 போனதவிட இதுதான் எனக்கு தாங்கல.

வெவரமா எழுதணும்னுதான் ஒக்காந்தேன், முடியல, அவசரமா சொல்லிடுறேன். படிக்கறதுக்கு காசு கேட்டா போன வச்சிருங்க. ஐஎஸ்பிஎன் நம்ம நாட்டுல இலவசம், ராஜா ராம்மோகன் ராய் பேர்ல உள்ள மத்திய அரசு ஏஜென்சி குடுக்குது. காப்பிரைட் எழுதுன ஒடனே நமக்குத்தான், பதிவு பண்ணணும்னாலும் நாவலுக்கு அரசு கட்டணம் 500தான். இதுக்கு முன்னாடி எந்த புத்தகத்த எந்த பதிப்பகத்துக்கு வித்தீங்கன்னு கேளுங்க, பேர் சொல்லலன்னா வேணாம். பணம் போயிருந்தா ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, நான் ரெண்டு மாசம் நம்பி ஒக்காந்துட்டு இன்னிக்கு காலையிலதான் அடிச்சேன், புகார் நம்பர் குடுத்துருக்காங்க. ஜிபே ரசீது நாலையும் பிரிண்ட் எடுக்கணும், கடை இன்னும் தொறக்கல.