ஷிகோனின்: வயல் வேரா, செல் தொட்டியா?

ஜப்பானின் முராசாகிச் செடி வேரில் இருக்கும் செவ்வூதா நிறமிதான் ஷிகோனின். வயலில் விளைந்த வேரிலிருந்தும் எடுக்கலாம், அந்தச் செடியின் செல்களை மட்டும் தொட்டியில் வளர்த்தும் எடுக்கலாம்.

காலம்: வேர் முற்றச் சில ஆண்டுகள், தொட்டியில் சுமார் மூன்றே வாரம்.

செறிவு: உலர்ந்த வேரில் 1-2 சதவீதம், செல்லில் அதைப்போலப் பல மடங்கு.

சிரமம்: வேருக்கு நிலமும் பொறுமையும் போதும். செல்லுக்கோ கிருமியில்லாத தொட்டி, இரண்டு கட்ட ஊடகம் (செல் வளரும் சத்துக் கரைசல்). முதலில் செல் பெருக வேண்டும். அப்புறம் அம்மோனியம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால்தான் நிறம் ஏறும். வெளிச்சம் பட்டாலோ, அதுவும் போச்சு!

செலவு: மலிவான நிறமிக்குத் தொட்டி கட்டுப்படியாகாது. ஷிகோனின் விலை கூடுதல் என்பதால்தான் ஜப்பானின் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1983-இல் துணிந்து இறங்கியது. லிப்ஸ்டிக்கிலும் சேர்த்தார்கள்.

பட்டுக்குக் கைச்சாயம் போடுபவருக்கு வேரே சரி. ஆண்டு முழுக்க ஒரே தரம் கேட்கும் அழகுசாதன ஆலை என்றால், யோசிக்காமல் தொட்டி.