விளையாட்டு வழி இசைக்குறியீடு: கடலூர் வகுப்பறையில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை நேர இசை வகுப்பு நடத்தி வருகிறேன். சிலர் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை பயில வருகிறார்கள். சிலர் கீபோர்டு தேர்வு எழுதும் நோக்கத்தோடு வருகிறார்கள். ஆகவே, சரிகம எழுத்துகளால் ஆன நம் சுரக்குறிப்பையும் மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறியீட்டையும் ஒரே அறையில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் விளையாட்டுகளின் வழியே கற்பிப்பதைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து செய்து பார்த்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். விளையாட்டின் விடை ஒலியாக இருக்க வேண்டும். சுரத்தின் பெயரைச் சொன்னாலே வெற்றி என்று அமைந்த விளையாட்டுகளில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொள்கிறார்கள். ஆனால் அடுத்த வாரம் கருவியைக் கையில் கொடுத்தால் தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிவதில்லை.

எங்கள் வகுப்பில் மிகுந்த பலன் தந்தது நாற்காலி விளையாட்டு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்கு (எண்ணிக்கைகளுக்கு) எட்டு நாற்காலிகளை வரிசையாகப் போடுகிறோம்: முதல் பகுதியான லகுவுக்கு நான்கு, சிறிது இடம் விட்டு முதல் துருதத்துக்கு இரண்டு, மீண்டும் இடம் விட்டு அடுத்த துருதத்துக்கு இரண்டு. அங்கங்கள் எனும் இந்தப் பகுதிகளில் முதல் இரண்டின் முடிவிலும் தரையில் ஒரு குச்சியை வைக்கிறோம், ஒரு தாளச் சுற்றான ஆவர்த்தனத்தின் முடிவில் இரண்டு. ஏட்டில் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டிய தேவை அதன் பிறகு எழவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சுரம் எழுதிய சிலேட்டுடன் அமர, மற்றவர்கள் தாளம் போட, தட்டும் விரல் எண்ணிக்கையும் எந்த அட்சரத்தில் நிற்கிறதோ அந்த நாற்காலிக்குரியவர் பாட வேண்டும். சில நாற்காலிகளில் ஆள் இருக்காது. காற்புள்ளி எழுதிய அட்டை மட்டும் இருக்கும். அங்கே முந்தைய பிள்ளை தன் சுரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் காற்புள்ளியைக் கண்டதும் மௌனமாகி விடுவார்கள். அந்த வெற்றிடம் எல்லோர் காதிலும் விழுவதால், நான் வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர்கள் திருத்திவிடுகிறார்கள்.

சுரங்கள் இருமடங்கு வேகத்தில் வரும் இரண்டாம் காலத்துக்கு ஒரு நாற்காலிக்கு இருவர். இருவரும் தலைக்கு மேலே ஒரு நாடாவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். சுரங்களின் மேல் இடப்படும் கோடு அந்த நாடாதான். தாளத்தின் வேகம் மாறாமல் சுரங்கள் மட்டும் இரட்டிக்கின்றன என்பது பெரியவர்களுக்கே எளிதில் பிடிபடாத செய்தி. அதைப் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்து பாடும்போது தாமாகவே உணர்கிறார்கள்.

ஐந்து கோட்டுக் குறியீட்டுக்குத் தரைப்பாய் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். முதலில் சிமெண்ட் தரையில் கோலமாவால் கோடு போட்டோம். சிறு பாதங்கள் பத்து நிமிடத்தில் அழித்துவிட்டன. ஒட்டும் நாடா ஐப்பசி மழை தொடங்கியதும் பெயர்ந்தது. இப்போது கெட்டியான தார்ப்பாய் ஒன்றில் ஒன்றே கால் அடி இடைவெளியில் ஐந்து வெள்ளைக் கோடுகளை வண்ணம் தீட்டி வைத்திருக்கிறோம். அது நன்றாக உழைக்கிறது. கீழிருந்து இரண்டாம் கோட்டில் டிரபிள் கிளெஃப் என்ற தொடக்கக் குறி சுருண்டு நிற்கும் இடம் ‘ஜி’ என்ற சுரம் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு பிள்ளை பாயில் கோட்டிலிருந்து இடைவெளிக்கு அடியெடுத்து வைக்க, அல்லது ஒன்றைத் தாண்டிக் குதிக்க, மற்றொரு பிள்ளை அதைக் கருவியில் வாசித்துக் காட்ட வேண்டும். கருப்புக் கட்டைகளின் சிக்கல் தொடக்கத்தில் வேண்டாம் என்பதால், ‘ஸி’யை ஸட்ஜமாக (‘ஸ’வாக) வைத்துச் சங்கராபரண ராகத்தில் தொடங்கினோம், அதில் எல்லாமே வெள்ளைக் கட்டைகள். சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளை ராகம் வரும்போது ரிஷபமும் (ரி) தைவதமும் (த) அரைச் சுரம் இறங்குவதைப் பாயிலேயே ஃபிளாட் அட்டை வைத்துக் காட்டிவிடலாம்.

வகுப்பில் கருவியாகப் பயன்படும் இசைக்குழாய்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுரத்துக்கு ஒரு வண்ணமாகக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குழாய்களைப் போல, ஒன்றரை அங்குல பிவிசி குழாயிலிருந்து நாமே செய்துகொள்ளலாம். இரு முனையும் திறந்த குழாயில் நீளம் குறையக் குறையச் சுரம் ஏறும். மத்திய ‘ஸி’க்கு ஏறத்தாழ 64 செ.மீ., ‘ஜி’க்கு 42 செ.மீ., மேல் ‘ஸி’க்கு 31 செ.மீ. வரும். ஒரு செ.மீ. கூடுதலாக அறுத்து, கைப்பேசியில் உள்ள ட்யூனர் செயலியைப் பார்த்தபடி சிறிது சிறிதாக அரம் போட வேண்டும். ஒரு முனையை மூடினால் அதே குழாய் ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ‘ஸ’விலிருந்து கீழ் ‘ஸ’ அளவுக்கு, இறங்கி ஒலிப்பதைக் கண்டு பிள்ளைகள் வியக்காத நாள் கிடையாது. காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுவதால், மார்கழிக் காலையில் கீபோர்டுடன் இசைந்த குழாய்கள் அக்னி நட்சத்திரப் பிற்பகலில் அரைச் சுரத்தின் பாதி அளவுக்குக்கூட ஏறி நிற்கும். எல்லாக் குழாய்களும் சேர்ந்தே ஏறுவதால் தனியாக வாசிக்கும்போது தொல்லை இல்லை. கோடையில் கீபோர்டைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

வண்ணத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிவப்பு என்றால் ‘ஸி’ என்று பழகிய பிள்ளை தாளில் உள்ள புள்ளியின் இடத்தைக் கவனிப்பதே இல்லை. கருப்பு மையில் அச்சான பக்கத்தைக் கண்டதும் திகைத்து நிற்கிறது. முதல் சில வாரங்களுக்கு மட்டும் வண்ணத்தை வைத்துக்கொண்டு, பிறகு குழாய்களின் மேல் ஒரே நிறக் காகிதத்தைச் சுற்றிவிடுகிறோம். அந்த வாரம் வகுப்பு தள்ளாடும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கத்திய தாள மதிப்புகளுக்கு தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டுகளே போதும். ஒரு கிராட்செட்டுக்குள் இரண்டு குவேவர் (அரைப் பங்கு) வந்தால் ‘தக’, நான்கு செமிகுவேவர் (கால் பங்கு) வந்தால் ‘தகதிமி’, மூன்று சம பங்கான டிரிப்லெட் என்றால் ‘தகிட’. தவிலும் உறுமியும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இவை நாவில் உடனே ஏறுகின்றன.

தவறு செய்தவர் வெளியேறும் விளையாட்டுகளை அறவே விட்டுவிட்டோம். அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியேறுகிறது; மீதி நேரம் முழுவதும் சுவர் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. “விளையாட்டுக்கா பணம் கட்டுகிறோம்?” என்று கேட்ட பெற்றோரை ஒரு மாலை நாற்காலி வரிசையில் அமர வைத்ததே போதுமான பதிலாக இருந்தது.

கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வாயால் ஊதும் மேற்கத்தியக் குழலான ரெக்கார்டரில் ஜெர்மன் முறை, பரோக் முறை என்று இரு வகைகள் உண்டு. முன்புறத் துளைகளை மேலிருந்து எண்ணி, நான்காவதைவிட ஐந்தாவது சிறிதாக இருந்தால் அது ஜெர்மன் முறை. அதில் ‘எஃப்’ எளிது; ஆனால் ‘எஃப்’பைவிட அரைச் சுரம் ஏறிய ‘எஃப் ஷார்ப்’ வரும் கட்டத்தில் விரலமைப்பு குழம்பிவிடும் என்பதால் பரோக் முறையையே பரிந்துரைக்கிறேன். ‘பி’, ‘ஏ’, ‘ஜி’ ஆகிய மூன்று சுரங்களோடு தொடங்கினால் இடது கை மட்டும் போதும். தரைப்பாயிலும் அந்த மூன்று இடங்களை மட்டும் வைத்து முதல் மாதம் முழுவதும் விளையாடலாம். ஒருவர் ஊதியதை மற்றவர் ஊதாதபடி ஆளுக்கொரு ரெக்கார்டர் வேண்டும்; வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும்.