புதுச்சேரிக் கடலுக்குச் சிவப்பு ஃபில்டரா, மெஜந்தாவா?

ஆக்‌ஷன் கேமராவோடு முதல்முறை கடலுக்கடியில் டைவ் போகிறவர்கள், படத்தின் நிறத்தைச் சரிசெய்ய லென்ஸுக்கு முன்னால் மாட்டும் நிறத் தகடாக, பெரும்பாலும் சிவப்பு ஃபில்டரைத்தான் வாங்குகிறார்கள். யூட்யூபில் மாலத்தீவு, அந்தமான் வீடியோக்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். புதுச்சேரியில் இறங்குகிறவருக்கு என் ஓட்டு மெஜந்தாவுக்கு, அதாவது ஊதா கலந்த ரோஸ் நிற ஃபில்டருக்கு. இரண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது கேமராவின் ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத உறையில்) இருப்பது மெஜந்தாதான்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை என்பது தெரிந்த கதை. ஐந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். போன சிவப்பை எந்த ஃபில்டரும் திருப்பிக் கொண்டுவராது. மற்ற நிறங்களைக் குறைக்கும், அவ்வளவுதான். படம் இருட்டானதும் கேமரா எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் வெளிச்சத்தை, கூட்டும், அந்தச் சாக்கில் மிச்சம் மீதி சிவப்பும் மேலே வரும். அதனால் எதைக் குறைக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் கடல் பெரும்பாலான நாட்களில் நீலம் இல்லை, பச்சை. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி நீலத்தையும் சிவப்பையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் தெற்கே கடலூர்ப் பக்கம் தென்பெண்ணையும் கெடிலமும், இங்கே சுண்ணாம்பாறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அந்தக் கலங்கலும் நீலத்தைத்தான் முதலில் தின்னும். ஆக, நாம் இறங்கும்போதே நீலம் பாதி செத்துக் கிடக்கிறது. சிவப்பு ஃபில்டர் பச்சையோடு நீலத்தையும் வெட்டும். மாலத்தீவில் அதுதான் தேவை, அங்கே நீலம் கொட்டிக் கிடக்கிறது. இங்கே போட்டால் மிஞ்சுவது பழுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு சேற்று நிறம். மெஜந்தா பச்சையை மட்டும் குறிவைத்துக் குறைக்கும், சிவப்பையும் நீலத்தையும் விட்டுவிடும்.

கூட வருகிற நண்பர் மணிக்கட்டில் கோயில் சிவப்புக் கயிறு கட்டியிருப்பார். எனக்கு அதுதான் டெஸ்ட் சார்ட். பன்னிரண்டு மீட்டரில் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் கயிறு கறுப்பு, கை பாசி பிடித்த மாதிரி. சிவப்பு ஃபில்டரில் கயிறு செங்கல் நிறத்துக்கு வந்தது, ஆனால் பின்னால் இருந்த தண்ணீர் முழுக்கச் செம்மண் குட்டை. மெஜந்தாவில் கயிறு அரக்குச் சிவப்பு, தோல் தோலாகவே இருந்தது, தண்ணீரும் லேசான நீலப்பச்சையில் நின்றது. அந்த கிளிப்பில் நான் பிறகு தொட்டது கான்ட்ராஸ்டை மட்டும்தான்.

ஃபில்டரே வேண்டாம், பிறகு டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்பவர்களும் உண்டு. ஏழெட்டு மீட்டர் வரைக்கும், வெயில் நன்றாக இருந்தால், சரி. நிறங்களை இன்னும் நுணுக்கமாக, 10 பிட்டில் பதிவு செய்கிற கேமரா என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். அந்த ஆழத்துக்குக் கீழே சிவப்புச் சேனலில் இழுக்க ஒன்றும் இருக்காது. இழுத்தால் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் வரும்.

மெஜந்தாவிலும் குறை இல்லாமல் இல்லை. வெளிச்சத்தை நன்றாகவே குடிக்கும். மேகமூட்டமான நாளிலும், ரொம்பக் கலங்கலாக இருக்கும்போதும் நான் அதைக் கழற்றி வைத்துவிடுவேன். காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள், சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு எடுத்தால் பரவாயில்லை. மேலேறி மூன்று மீட்டர் ஆழத்துக்குள் வந்ததும் கழற்றாவிட்டால் படகு, ஏணி, ஆள் எல்லாம் ரோஸ் கலரில் குளிக்கும். இதற்காகவே மேலே மடக்கிவிடுகிற மாடலை வாங்குங்கள். அழுத்திச் சொருகுகிற வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு: இறங்கியதும் கண்ணாடிக்கும் ஃபில்டருக்கும் நடுவே காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளேயே ஒருமுறை கழற்றி மாட்டினால் போய்விடும். ஆனால் நூல் கட்டி வைக்காத ஃபில்டர் அந்த நேரத்தில்தான் கையை விட்டு நழுவும்.

வீடியோ லைட்? கிட்டப்போய் எடுக்க லைட்டை மிஞ்ச எதுவும் இல்லை, பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் மீனுக்கு அதுதான் வேண்டும். ஆனால் லைட் போட்டால் ஃபில்டரைக் கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் முன்னால் இருப்பது ரோஸாகிவிடும். நம் தண்ணீரில் மிதக்கிற துகள் அதிகம் என்பதால் லைட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தால் பனி கொட்டுகிற மாதிரிதான் படம் வரும். கையை நீட்டி, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

இருபது மீட்டருக்குக் கீழே எனக்கு அனுபவம் குறைவு. அங்கே எந்த ஃபில்டருக்கும் பெரிதாக வேலை இருக்காது, லைட்தான் என்று என் கணிப்பு. மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்து, தண்ணீர் நீலமாக வருகிற சில நாட்களில் சிவப்பும் மோசமில்லை. அந்தமானுக்கும் போகிற திட்டம் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே ஹவுசிங் மாடலுக்கு ஏற்ற அளவில்தான் வரும், கேமரா பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள்.